கூண்டுக் கிளிக்கும் ஒரு வேலை வேண்டும்

கேள்வி: ''எங்கள் தோட்டத்து வீட்டில் மூன்று வருடமாக ஒரு காக்டெய்ல் கிளி இருக்கிறது. மகள் ஆசைப்பட்டு வாங்கியது. ஆடி மாதம் அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இரண்டு மாதமாகக் கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. தோல் தெரிகிறது. தினையும் சூரியகாந்தி விதையும் கிண்ணம் நிறைய வைக்கிறோம். தண்ணீரும் தினமும் மாற்றுகிறோம். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். மகள் தீபாவளிக்கு வருவதற்குள் சரியாக வேண்டும். என்ன மருந்து கொடுக்கலாம்?''

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: முதல் வேலையாக வேப்பெண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட வேண்டும். எந்த எண்ணெயும் பறவையின் இறகில் படக் கூடாது. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூட்டைக் காக்காது. கிளி அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். மஞ்சள் குழைத்துப் பூசுவது, கற்பூரம் கரைத்துத் தெளிப்பது ஆகியவையும் வேண்டாம்.

அடுத்து, இது தானே பிடுங்குவதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிளி தன் அலகால் தன் தலையைத் தொட முடியாது. நெஞ்சு, தொடை, இறக்கையின் உட்பக்கம் மட்டும் வெறுமையாகித் தலை இறகு முழுசாக இருந்தால், அது தானே பிடுங்குகிறது என்று பொருள். தலையிலும் இறகு கொட்டினால் வேறு நோய் இருக்கலாம். கூட இன்னொரு கிளி இருந்தால் அது பிடுங்கியிருக்கலாம். வருடாவருடம் இறகு உதிர்ந்து முளைப்பது இயற்கை. அப்போது தோல் தெரியாது. பழைய இறகு விழுந்த இடத்தில் முள் போலப் புது இறகு எட்டிப் பார்க்கும்.

பிடுங்குவதற்கு உடம்பும் காரணமாகலாம், மனசும் காரணமாகலாம். செதில் பூச்சி, தோல் நோய், குடல் ஒட்டுண்ணி, ஈரல் கோளாறு, சத்துக் குறைவு எல்லாமே கிளியை இறகு பிடுங்க வைக்கும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது அவசியம். திண்டுக்கல் பகுதியில் இருப்பவர்களுக்குத் தேனி, உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. நாமக்கல்லிலும் கல்லூரி உண்டு. போகும்போது ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய எச்சத்தை எடுத்துப் போவது நல்லது. கோழிக்கு வாங்கி வைத்த மருந்தை அளவு குறைத்துக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. காக்டெய்லின் எடை 100 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு சொட்டு கூடினாலும் அதற்கு அதிகம்.

உடம்பில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வாசகியின் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. பேச்சுத் துணையாக இருந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். தீனி கிண்ணம் நிறைய இருக்கிறது. அதாவது, கிளிக்குத் துணையும் இல்லை, வேலையும் இல்லை.

வேலை இல்லாத கிளி

சூரியகாந்தியும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்குக் கிளியின் உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன் வந்து இறங்கும். பூவின் தலையில் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு விதையாக உருவி, தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்னும். வெயில் ஏறியதும் மரத்தில் அடைந்து, மாலையில் மறுபடி வரும். தகரம் தட்டினாலும் பளபளக்கும் ரிப்பன் கட்டினாலும் நாலு நாளில் பழகிக்கொள்ளும். வயலில் நம்மைத் திணற வைக்கும் அந்த மூளையும் அலகும்தான் கூண்டுக் கிளிக்கும் இருக்கின்றன. கூண்டில் அவற்றுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போர்ட்டோ ரிக்கோ தீவின் காட்டுக் கிளிகள் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை இரை தேடுவதில் செலவிடுவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த கூண்டுக் கிளிகள், கிண்ணத்தில் வைத்த தீனியை ஒரு மணி நேரத்தைச் சுற்றியே தின்று முடித்துவிடுகின்றன. மிச்ச நேரத்தை என்ன செய்வது? கத்துகின்றன, கம்பியைக் கடிக்கின்றன, ஒரே இடத்தில் தலையை ஆட்டுகின்றன. சில, தன் இறகிலேயே வேலை தேடிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து இதைச் சோதித்து, 2003-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தேடித் தின்னும் ஏற்பாடும், ஏறி விளையாடப் பொருள்களும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு வெறும் கூண்டு. வெறும் கூண்டில் இருந்தவை இறகைப் பிடுங்க ஆரம்பித்தன. வேலை கொடுத்த பிரிவின் இறகு நன்றாக இருந்தது. பிறகு, பிடுங்கிய கிளிகளுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்தபோது அவற்றின் இறகும் தேறியது. வாசகிக்கு நம்பிக்கை தர வேண்டியது இந்தக் கடைசிப் பகுதிதான்.

காக்டெய்லும், நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் பட்ஜரிகரும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவைகள். கூட்டமாகப் பறந்து, தரையில் இறங்கி, புல் விதை பொறுக்கித் தின்பவை. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஓலையையும் காகிதத்தையும் நீள நீளமாகக் கிழிப்பதில் தனி ஆசை. ஒவ்வொன்றின் பூர்வீகப் பழக்கத்தை ஒட்டி வேலை கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கடைக்குப் போக வேண்டியதில்லை

செல்லப்பிராணிக் கடைகளில் 'மில்லட் ஸ்ப்ரே' என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பது, நம் தினைக் கதிரேதான். கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் விளைகிற அதே தினை. தோட்டத்தில் ஒரு பாத்தி தினை விதைத்தால் 80 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மருந்து அடிக்காமல் வளர்த்து, பால் பிடித்த பருவத்தில் கொஞ்சம், முற்றியதில் கொஞ்சம் என்று அறுத்து வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். பால் பிடித்த கதிரைக் கிளிகள் விரும்பித் தின்னும். கம்பு, சோளக் கதிர்களையும் இப்படிக் கொடுக்கலாம். தேன் ஒழுகல் நோய், கரிப்பூட்டை, பூஞ்சணம் பிடித்த கதிர்களைக் கண்டிப்பாக விலக்க வேண்டும். முளைத்து ஒரு மாதத்துக்குட்பட்ட இளஞ்சோளப் பயிர் மாட்டுக்கே விஷம். கிளிக்கும் வேண்டாம்.

வேலை கொடுப்பதை நான்கு படிகளாகச் செய்யலாம். எளிதானதில் தொடங்கி, கிளி கற்றுக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதல் படி, முறம். ஒரு சிறிய முறத்திலோ அகலமான தட்டிலோ கழுவிக் காய்ந்த கொய்யா இலை, கிழித்த வெள்ளைக் காகிதம், பெரிய கூழாங்கல் நாலைந்து போட்டு, இடையில் தினையைத் தூவி, கூண்டின் தரையில் வைக்கலாம். அமரும் கம்புக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும், சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தரையில் பொறுக்கும் பறவை என்பதால் காக்டெய்ல் இதைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

இரண்டாம் படி, தொங்கும் கதிர். கூண்டின் கூரையில் தினைக் கதிரைக் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டாமல், கொஞ்சம் எக்கி, ஏறி எடுக்கும்படி இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கழுவிய முருங்கைக் கொத்தை ஈரத்தோடு கட்டலாம். விதை மட்டும் தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். முருங்கைக்கீரை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பது பல கிளிகளுக்கு விளையாட்டு.

மூன்றாம் படி, பொட்டலம். மக்காச்சோளத் தோகையில் பத்துப் பதினைந்து விதையை வைத்துச் சுருட்டி, தோகை நாராலேயே கட்ட வேண்டும். தென் மாவட்டங்களில் கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை கட்டுவதுபோல, பனை ஓலைக்குள் வைத்தும் கட்டலாம். முதல் மூன்று நாள், விதை வெளியே தெரியும்படி அரைகுறையாகக் கட்டினால்தான் உள்ளே தீனி இருப்பது கிளிக்குப் புரியும். பிறகு இறுக்கிக் கட்டலாம்.

நான்காம் படி, கொட்டாங்குச்சி. தேங்காய்க் கண் உள்ள பாதியை எடுத்து, நாரைச் சுத்தமாகச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணைத் துளைத்து, தடித்த பருத்திக் கயிறோ தோல் வாரோ கோத்துக் கிண்ணம்போலத் தொங்கவிட வேண்டும். உள்ளே ஓலைத் துணுக்கு, அதன் அடியில் விதை. கிளி ஓலையை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துவிட்டுத்தான் விதையை எடுக்கும். எடுத்து எறிவதுதான் அதற்கு ஆட்டம். அதைச் சுத்தம் செய்வது நம் வேலை.

இவற்றோடு, அமர்வதற்கு ஒரே தடிமனில் பிளாஸ்டிக் கம்பி இருந்தால் எடுத்துவிட்டு, வெவ்வேறு தடிமனில் கொய்யாக் கிளை, வேப்பங்கிளை வைக்கலாம். பட்டையை உரிப்பதே அரை நாள் வேலை. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றின் எந்தப் பகுதியும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது.

அவசரப்பட்டால் பட்டினி

பலர் தவறு செய்யும் இடம் இது. 'வேலை செய்து தின்னட்டும்' என்று முதல் நாளே கிண்ணத்தை எடுத்துவிட்டால், புதுப் பொருளைத் தீனி என்று அடையாளம் தெரியாத கிளி பட்டினி கிடக்கும். சிறிய பறவைக்கு ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து. முதல் வாரம் கிண்ணத்தில் வழக்கம்போல வைத்து, முறத்தில் கூடுதலாகத் தூவ வேண்டும். கிளி முறத்தில் பொறுக்க ஆரம்பித்த பிறகு, கிண்ணத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முறத்துக்கும் பொட்டலத்துக்கும் மாற்றலாம். அப்போதும் ஒரு பங்கு கிண்ணத்தில் இருக்கட்டும்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று 10 கிராம், 5 கிராம் வித்தியாசத்தைக் காட்டும். வாரம் இருமுறை காலையில், தீனி தின்னும் முன், எடை பார்த்து நாள்காட்டியில் குறித்து வர வேண்டும். 100 கிராம் கிளி 90 கிராமுக்கு இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கிண்ணத்தில் தோல் மட்டும் மிதந்துகொண்டிருக்க, தீனி இருக்கிறது என்று ஏமாறுவதும் உண்டு. ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். அதைக் கிண்ணத்தில் நிரப்பாமல், பொட்டலத்துக்குள் மூன்று நான்கு என்று பரிசாக வைப்பது சரி.

புதுப் பொருளைக் கண்டு கிளி மிரளும். கொட்டாங்குச்சியை முதலில் கூண்டுக்கு வெளியே நாலடி தள்ளி இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு அருகில் கொண்டுபோய், அதன் பிறகே உள்ளே கட்ட வேண்டும். ஐந்தாறு விளையாட்டுப் பொருள் சேர்ந்தபின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொங்கவிடாமல், வாரம் இரண்டை மாற்றி மாற்றி வைத்தால் பழையதும் புதிதாகத் தெரியும்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. பிரிந்த நூலும் நைலான் கயிறும் காலில் சுற்றி விரலையே துண்டாக்கும். துத்தநாகம் பூசிய கட்டுக் கம்பி, பெயின்ட் உரியும் தகரம், ஈயம் ஆகியவற்றைக் கடித்தால் விஷம் ஏறும். தனிக் கிளிக்குக் கண்ணாடி துணையாகாது. அதையே இணையாக நினைத்து ஏங்கும். தனிப் பெண் கிளியின் கூண்டில் மண் கலயம் வைத்தால் ஆணில்லாமலே முட்டையிடத் தொடங்கும். சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை அடைத்துச் செத்துப்போவதும் நடக்கும். கலயத்தை எடுத்துவிட்டுக் கணவாய் ஓட்டை மாட்டலாம். அது சத்தும் ஆகும், கொறிக்கும் வேலையும் ஆகும்.

கூண்டுக்கு வெளியே

தீனி தேடும் வேலை துணைக்கு ஈடாகாது. மகள் இருந்தபோது காலை, மாலை எந்த நேரத்தில் கிளியோடு பேசினாளோ, அந்த நேரத்திலேயே வீட்டில் ஒருவர் 15, 20 நிமிடம் உட்கார வேண்டும். கையில் நாலு தினை வைத்து, ஒரு குச்சி நுனியைத் தொட்டால் ஒரு தினை என்று பழக்கலாம். சீழ்க்கை அடித்தால் பதிலுக்குச் சீழ்க்கை அடிக்கும். இறகைப் பிடுங்கும் நேரத்தில் ஓடிப்போய் 'ச்சூ' என்று அதட்டினால், பிடுங்கினால் ஆள் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்போது கண்டுகொள்ளாமல் இருந்து, முறத்தில் பொறுக்கும்போது பாராட்ட வேண்டும்.

வெளியே பறக்க விடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவு, ஜன்னலை மூடிவிட்டு, பூனை உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கொதிக்கும் சட்டி இருக்கும்போது சமையலறைப் பக்கம் விடக் கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை, மனிதருக்குத் தெரியும் முன்பே கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் கூண்டுப் பக்கம் வேண்டாம். இரவு எட்டு மணி சீரியல் ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால் கிளிக்குத் தூக்கம் கெடும். 10 முதல் 12 மணி நேரம் அமைதியான இருட்டு வேண்டும். காக்டெய்ல் இருட்டில் திடீரென மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் பழக்கம் உள்ளது என்பதால், மங்கலான சிறு விளக்கு ஒன்று இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தாலும் தீபாவளிக்குள் நெஞ்சு மூடிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. பிடுங்கிய இடத்தில் இறகு முளைக்க வாரங்கள் ஆகும். பழக்கம் முழுதாக விட மாதங்கள் ஆகும். அடிவேர் கெட்டிருந்தால் சில இடத்தில் முளைக்காமலும் போகும். கூண்டின் தரையில் விழும் பிடுங்கிய இறகை வாரம் ஒரு நாள் எண்ணி வந்தால் முன்னேற்றம் தெரியும். நெஞ்சில் முள் இறகு தலை நீட்டி, அது இரண்டு வாரம் பிடுங்கப்படாமல் நின்றால், கிளி திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

மகள் தீபாவளிக்கு வரும்போது அவளையே பத்து ஓலைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். காக்டெய்ல் 15, 20 வருடம் வாழும் பறவை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி அது வீட்டில் இருக்கும். வாங்கும்போது யாரும் நினைத்துப் பார்க்காத கணக்கு இது.

கேள்வி: ''விதைத்தது போக இரண்டு கிலோ மக்காச்சோளமும் கம்பும் மீதி இருக்கிறது. விதை சிவப்பு நிறத்தில் இருக்கிறது. கழுவிக் காயவைத்து லவ் பேர்ட்ஸுக்கும் புறாவுக்கும் போடலாமா?''

- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: கூடவே கூடாது. அந்த நிறமே எச்சரிக்கைதான். விதை நேர்த்திக்குப் பூசும் பூஞ்சணக்கொல்லி, பூச்சிக்கொல்லியை அடையாளம் காட்டவே சாயம் சேர்க்கிறார்கள். கழுவினால் சாயம் போகும், நஞ்சு முழுதாகப் போகாது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து பூசிய விதையில் சிலவற்றைத் தின்றாலே சிறிய பறவை செத்துவிடும். அரைத்துக் கோழிக்குப் போடுவதும் அப்படித்தான். மீதி விதையை அதே பையில் வைத்து, பிள்ளைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாமல் அடுத்த விதைப்புக்கு வைக்கலாம். விதைக்கும்போதும் வரப்பில் சிந்தியதை மண்ணால் மூடிவிட வேண்டும். மயிலும் கௌதாரியும் பொறுக்க வரும். கிளிக்குத் தானியம் வேண்டுமானால் உணவுக்கென விளைந்ததை மட்டும் கொடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் ஆகாது. அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கேள்வி: ''தென்னந்தோப்பில் பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. எடுத்து வந்து கூண்டில் விட்டிருக்கிறோம். நன்றாகத் தின்கிறது. பேசப் பழக்கலாமா?''

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: எடுத்துக் காப்பாற்றியது நல்ல எண்ணம். ஆனால், வைத்துக்கொள்ள முடியாது. பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகள் எல்லாம் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வளர்ப்பது எல்லாம் குற்றம். 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இதில் மாற்றம் இல்லை. காக்டெய்ல், பட்ஜரிகர் போன்றவை வெளிநாட்டு இனங்கள் என்பதால்தான் அவற்றை வளர்க்க முடிகிறது. மக்காவ், சாம்பல் கிளி போன்ற அரிய வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அவற்றை முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

குஞ்சு விழுந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகிறது என்றால், விழுந்த மரத்தின் பொந்திலேயே திரும்ப வைக்கலாம். பொந்து எட்டாத உயரத்தில் இருந்தால், சிறு கூடையில் காய்ந்த புல் வைத்து, மழையும் பூனையும் எட்டாமல் அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. குரல் கேட்டுத் தாய், தகப்பன் கிளிகள் வரும். அரை நாள் பார்த்தும் வரவில்லை என்றாலோ, குஞ்சுக்குக் காயம் இருந்தாலோ, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். பேசப் பழக்கிவிட்டால் அது காட்டில் பிழைக்காது.

தோப்பில் பட்டுப்போன தென்னை ஒன்றிரண்டு நின்றால், விழுந்து ஆபத்து வராத இடமாக இருக்கும் பட்சத்தில், வெட்டாமல் விட்டு வைக்கலாம். காண்டாமிருக வண்டு முட்டையிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மார்கழி, தை, மாசியில் அந்தப் பொந்தில் கிளிகள் குஞ்சு பொரிக்கும்.